ஏலக்காய் வாசனை

கொலோன் நகரத்தில் ஒரு நாள் இருந்துவிட்டு வந்தோம் என்று நான் சொன்னதும், என்னைப் பார்க்க வந்திருந்த நண்பர் செய்த முதல் காரியம் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டதுதான்.

அதற்கு முன் அரை மணி நேரமாக அவர் தெருக்கோடிக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். விமானக் கட்டணம், விசா ஆபீஸில் காத்து நிற்பது, ஜெர்மனியில் குளிர் எப்படி, ரயில் எப்படி, எல்லாமே கணீரென்ற குரலில். கொலோன் என்றதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "என்ன சார், அங்கே போய்விட்டு ஒன்றும் ருசி பார்க்காமலா வந்தீர்கள்?" என்றார். உதடுகள் அசைந்தனவே தவிரக் குரல் வரவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி பதில் சொன்னாள்:

"மத்தியானம் மூணு, சாயங்காலம் ரெண்டு. மொத்தம் அஞ்சு கிளாஸ். நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

நண்பருடைய முகம் சுண்டிப் போயிற்று. நான் வெட்கப்படுவேன் என்று எதிர்பார்த்தார். நான் வெட்கப்படாமல் சிரிக்கவே, எனக்கும் சேர்த்து அவரே வெட்கப்பட்டுக்கொண்டார். அவசரமாகக் காப்பியைக் குடித்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிப் போனார். வானத்தில் ஒரு மேகம் கூட இல்லை.

இந்தக் கட்டுரையை நான் அந்த நண்பரைக் கண்டித்து எழுதவில்லை. தங்கமான மனிதர். அந்தத் தாழ்ந்த குரலைக் கண்டித்துத்தான் எழுதுகிறேன். நடுத்தர வர்க்கத்து ஆண்களாகிய நாம் ஒரு விஷயத்தைப் பேசுவதற்கென்றே அந்தக் குரலைத் தனியாக வைத்திருக்கிறோம். அதில் நானும் முப்பது வருஷம் பேசியிருக்கிறேன். ஆகவே அதைக் கண்டிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று யாரும் கேட்க வேண்டாம். எனக்குத்தான் யோக்கியதை உண்டு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மகள் டூஸல்டார்ஃப் நகரத்தில் இருக்கிறாள். அங்கிருந்து கொலோன் நாற்பது கிலோமீட்டர். அரை மணி நேர ரயில் பிரயாணம். மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போய்விடும் ஒரு நாளில், நாங்கள் இரண்டு பேரும் மட்டும் போய்வருவதென்று ஏற்பாடாயிற்று. மாப்பிள்ளை இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "மாமா, அங்கே போய் டூஸல்டார்ஃபிலிருந்து வருகிறோம் என்று சொல்லிவிடாதீர்கள்." இரண்டு ஊருக்கும் பலகாலப் போட்டியாம். இந்த ஊர் பீர் செம்பு நிறம். அந்த ஊர் பீர் பொன் நிறம். ஒன்றை மற்றவர் வாயில் வைக்க மாட்டார்கள். இரண்டாவதாக, பீர் ருசி பார்க்க வேண்டிய இடங்கள் என்று பத்துப் பெயர் கொண்ட ஒரு ஜாபிதாவை என் செல்போனில் ஏற்றிக் கொடுத்தார்.

அந்தப் பத்தில் நாங்கள் போனது இரண்டு இடத்துக்குத்தான். ஒரே நாளில் பத்து இடம் ஏறி இறங்குகிறவன் ருசி பார்ப்பதில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறான்.

என் மனைவிக்குக் கொலோன் என்றால் ஓடிகொலோன்தான். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போடுவாளே, அதே ஓடிகொலோன். 1709-ல் இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ஃபாரினா குடும்பத்தார் இந்த ஊரில் வாசனைக் கடை தொடங்கினார்கள். ஊரின் பெயரே வாசனைத் திரவியத்தின் பெயராகி உலகமெல்லாம் சுற்றி வந்துவிட்டது.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே மாதாகோவில். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. 157 மீட்டர் உயரம். 1248-ல் கட்ட ஆரம்பித்து 1880-ல் முடித்திருக்கிறார்கள். நடுவில் ஏறக்குறைய முந்நூறு வருஷம் வேலையே நடக்கவில்லை. "திருப்பணிக்கு நன்கொடை வசூலாகலை போலிருக்கு" என்றாள் என் மனைவி. இரண்டாம் உலக மகா யுத்தத்தில் குண்டு விழுந்து நகரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் தரைமட்டமாகிவிட்டது. கோவிலும் அடிபட்டது; ஆனால் விழவில்லை. இன்று பழைய ஊர் என்று காட்டும் வீதிகளில் பெரும்பகுதி யுத்தத்துக்குப் பிறகு திரும்பக் கட்டியது. கோவிலைச் சுற்றிப் பார்த்ததில் மத்தியானமாகிவிட்டது. பசித்தது.

கொலோனில் ப்ரௌஹௌஸ் என்று சொல்கிறார்கள். பீர் காய்ச்சும் வீடு என்று அர்த்தம். இன்று அங்கேயே காய்ச்சுகிறவர்கள் சிலர்தான். மற்றவர்கள் வேறிடத்தில் காய்ச்சிக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். 1858, 1883, 1904 என்று ஆரம்பித்த வருஷத்தைப் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் வீடுகள் அங்கே உண்டு. நாங்கள் நுழைந்தது ஒரு நீண்ட கூடம். தேய்த்துத் தேய்த்து வெளுத்துப் போன மர மேஜைகள். தனி மேஜை கேட்டால் கிடைக்காது. இடம் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். எங்கள் மேஜையில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது: ஒரு பாட்டி, அவருடைய மகன், மருமகள், பத்து வயதுப் பேரன்.

பரிமாறுகிறவருக்கு அங்கே கோபெஸ் என்று பெயர். யாகோப் என்ற பெயரின் திரிபு அது. நீல உடுப்பு, நீல ஏப்ரன், இடுப்பில் காசுப் பை. மரியாதையாகப் பேசுவது அவர் உத்தியோகத்தில் சேர்ந்ததல்ல. வாய்த்துடுக்குத்தான் அவருடைய சம்பிரதாயம். என் மனைவி தண்ணீர் கேட்டாள். "தண்ணீரா? சோப்பும் துண்டும் கூடக் கொண்டுவரட்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். மேஜையே சிரித்தது. தண்ணீர் கேட்கிறவர்களிடம் கோபெஸ்மார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வேடிக்கை அது என்று பாட்டியின் மகன் எனக்கு விளக்கினார். அப்புறம் ஆப்பிள் ரசத்தில் ஸோடா கலந்த பானம் ஒன்றை அவளுக்கு எதிரில் ராஜமரியாதையோடு வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு வந்தது கோல்ஷ். அந்த ஊர் பீருக்கும் அந்தப் பெயர்தான், அந்த ஊர்ப் பேச்சு வழக்குக்கும் அந்தப் பெயர்தான். குடிக்கக்கூடிய பாஷை உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். 1986-ல் இருபத்துநான்கு பீர் முதலாளிகள் கூடி, எதைக் கோல்ஷ் என்று சொல்லலாம் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கொலோனிலும் அக்கம்பக்கத்தில் உரிமை பெற்ற சில இடங்களிலும் காய்ச்சியதைத்தான் அப்படி அழைக்கலாம். பிற்பாடு ஐரோப்பிய ஒன்றியமும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது.

கண்ணாடிக் கோப்பையைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம்தான். ஜெர்மனி என்றால் வாளி மாதிரி பாத்திரத்தில் பீர் குடிப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். இதுவோ ஒல்லியான குழாய் போல, 200 மில்லிதான் பிடிக்கிறது. நம் வீட்டுக் காப்பி டம்ளர் அளவு. காரணம் இருக்கிறது. இந்த பீரின் நுரை சீக்கிரம் அடங்கிவிடும். நேரமானால் சுவை செத்துப்போகும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, புதிதாக ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கோபெஸ் கையில் வட்டமான ஒரு தட்டு. அதன் குழிகளில் கோப்பைகள் நிற்கின்றன. உங்கள் கோப்பை காலியானால் கேட்க வேண்டியதில்லை, அடுத்தது வந்து உட்கார்ந்துவிடும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

கோப்பையின் அடியில் வட்டமாக ஓர் அட்டை வைக்கிறார்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் கோபெஸ் காதிலிருந்து பென்சிலை எடுத்து அந்த அட்டையில் ஒரு கோடு போடுகிறார். அதுதான் பில். மூன்று கோடு என்றால் மூன்று கோப்பை. அட்டை உங்கள் சட்டைப் பையில் இல்லை, கல்லாவில் இல்லை. மேஜையின் நடுவில், எல்லோர் கண்ணுக்கும் எதிரில் கிடக்கிறது. போதும் என்றால் பேச வேண்டியதில்லை. அட்டையை எடுத்துக் கோப்பையின் வாயை மூடிவிட்டால் கோபெஸ் நகர்ந்து போய்விடுவார். எதிரே இருந்த பாட்டி இரண்டாவது கோப்பை முடிந்ததும் அப்படித்தான் மூடினார். எனக்கு மூன்றாவது வந்தது.

சாப்பாட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். என் மனைவி சைவம். நான் அவ்வளவு கண்டிப்பில்லை. எனக்கு ஹிம்மெல் உன் ஏட் என்ற பதார்த்தம் வந்தது. 'வானமும் பூமியும்' என்று அர்த்தம். வானத்தில் காய்ப்பது ஆப்பிள், பூமியில் விளைவது உருளைக்கிழங்கு. இரண்டையும் மசித்து, வறுத்த வெங்காயத்தோடும் ரத்தம் சேர்த்துச் செய்த பன்றிக் குழலோடும் தருகிறார்கள். என் மனைவிக்கு ஹால்வர் ஹான் சாப்பிடச் சொல்லி மகள் எழுதிக் கொடுத்திருந்தாள். அதன் அர்த்தம் 'அரைச் சேவல்' என்று பக்கத்தில் யாரோ சொல்ல, இவள் எழுந்தே விட்டாள். பாட்டி கையைப் பிடித்து உட்கார வைத்தார். வந்தது சேவல் அல்ல. கம்பு போன்ற ரை தானியத்து ரொட்டி ஒன்று, தடித்த பாலாடைக்கட்டித் துண்டு, வெண்ணெய், கடுகு விழுது, வெங்காயம். அரை ரொட்டி கிடைக்குமா என்று அந்த ஊர்ப் பேச்சில் கேட்டால் அரைச் சேவல் என்பது போலக் காதில் விழுமாம். அதனால் வந்த பெயர் என்று ஊரார் ஒரு கதை சொல்கிறார்கள்.

என் மனைவி அந்த ரொட்டியை மோந்து பார்த்தாள். "நம்ம தோசை மாவு வாசனை" என்றாள். உண்மைதான், ரை ரொட்டியும் புளிக்க வைத்த மாவுதான். அப்புறம் என் கோப்பையை எடுத்து அதையும் மோந்து பார்த்தாள். எனக்கு இருதயம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. "இதுவும் அதேதான். தானியத்தைப் புளிக்க வெச்சிருக்காங்க" என்று சொல்லிக் கீழே வைத்தாள். பார்லியை முளைக்கட்டி, உலர்த்தி, வேகவைத்து, ஹாப் என்ற கொடியின் பூவைப் போட்டு, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைப்பதுதான் பீர். அதைப் பற்றி நான் புத்தகத்தில் படித்ததையெல்லாம் அவள் மூக்கால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள்.

அந்தக் கூடத்தின் ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. பழைய ப்ரௌஹௌஸ்களில் முதலாளியோ அவர் மனைவியோ அதற்குள் உட்கார்ந்துகொண்டு, பீப்பாயையும் கூடத்தையும் கோபெஸ்மாரின் கணக்கையும் ஒரே பார்வையில் கவனிப்பார்களாம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பாவசங்கீர்த்தனக் கூண்டு. கோவிலில் பாதிரியார் உட்கார்ந்து பாவத்தைக் கேட்பாரே, அந்தக் கூண்டின் பெயரையே வேடிக்கையாக இதற்கும் வைத்துவிட்டார்கள்.

நான் அந்தக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி என் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு கோடு" என்றாள். கண்டிக்கவில்லை, கோலத்துக்குப் புள்ளி எண்ணுவது போலச் சும்மா எண்ணினாள். எனக்கோ முதுகு வியர்த்தது. முப்பது வருஷத்தில் நான் குடித்ததை ஒருவர் என் எதிரில் எண்ணியது அதுதான் முதல் தடவை. நானே எண்ணியதில்லை. நண்பர் வீட்டு மாடியில், ஊருக்கு வெளியே இருந்த கிளப்பில், எழுத்தாளர் கூட்டம் முடிந்து ஹோட்டல் அறையில், எத்தனை என்று எண்ணாமலிருப்பதுதான் அங்கெல்லாம் மரியாதை.

அட்டையை எடுத்துக் கோப்பையின் மேல் வைத்தேன்.

சாயங்காலம் இன்னோர் இடத்தில் இரண்டு கோடு. அவளுக்கு ரைபெகூகன், உருளைக்கிழங்கைச் சீவிப் பொரித்து ஆப்பிள் கூழோடு தரும் பட்சணம். வடைக்கும் அடைக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. பிறகு ரைன் நதியின் மேலிருக்கும் ஹோஹென்ஸொல்லர்ன் பாலத்தில் நடந்தோம். ரயில் பாதைக்கும் நடைபாதைக்கும் நடுவில் உள்ள கம்பி வேலி முழுதும் பூட்டு. காதலர்கள் பெயர் பொறித்துப் பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் எறிகிறார்கள். 2008 வாக்கில் ஆரம்பித்த வழக்கம்; இன்று எண்ண முடியாத அளவுக்குத் தொங்குகின்றன.

அந்தப் பூட்டுகளின் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் குடித்தது உனக்குச் சங்கடமாக இருந்ததா?" என்று கேட்டேன்.

"இங்கே இல்லை" என்றாள்.

"அப்படியானால் ஊரில்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு ரயில் எங்களைக் கடந்து போயிற்று. பிறகு சொன்னாள்:

"ஊர்ல நீங்க குடிச்சுட்டு வர்றது கூட இல்லைங்க. வாயில ஏலக்காய் போட்டு மென்னுட்டு வருவீங்களே, அதுதான். அந்த வாசனை வாசப்படியில வரும்போதே தெரிஞ்சுடும், இன்னிக்கு இவர் நம்மகிட்ட பொய் சொல்லப் போறார்னு. வருஷக்கணக்கா நான் பாயசத்துல ஏலக்காய் போடறதில்லை. நீங்க கவனிச்சிருக்கீங்களா?"

நான் கவனித்ததில்லை. மனித மனத்தின் சூட்சுமங்களையெல்லாம் எழுதுகிறேன் என்று பெயர் வாங்கியவன். நாவலில் வரும் பெண் புடவைத் தலைப்பை எப்படி இழுத்துவிட்டுக்கொண்டாள் என்று அரைப் பக்கம் வர்ணித்தவன். என் வீட்டுப் பாயசத்தில் ஏலக்காய் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையைப் படித்ததும் மூன்று ஆட்சேபணைகள் கிளம்பும் என்பது எனக்குத் தெரியும்.

முதல் ஆட்சேபணை: "இது குடிக்குப் பிரசாரம்." இல்லை. சாராயச் சத்து புற்றுநோய்க்குக் காரணம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் அறிவித்தது. என் ஐந்து கோப்பை சேர்ந்தால் ஒரு லிட்டர். அது என் உடம்புக்கு நல்லது செய்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கொலோன் ஒன்றும் தேவலோகமும் அல்ல. பட்டப்பகலில் பழைய வீதியில் கூச்சல் போட்டுத் தள்ளாடிய வாலிபர் கூட்டத்தை நானே பார்த்தேன். அந்த நாட்டுச் சட்டம் பதினாறு வயதுப் பையனுக்கு பீர் விற்க அனுமதிக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. அங்கேயும் குடியால் அழிந்த குடும்பங்கள் இருக்கும். குடிக்காதவன் என்னைவிட உத்தமன்; அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் பேசுவது குடிக்கிறவனைப் பற்றி. அவனிடம் இரண்டு தவறு இருக்கலாம். ஒன்று குடி; மற்றொன்று ஒளிப்பு. முதலாவது அவன் ஈரலைக் கெடுக்கிறது. இரண்டாவது அவன் வீட்டைக் கெடுக்கிறது. வைத்தியர்கள் முதலாவதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றி யாராவது சொல்ல வேண்டாமா?

இரண்டாவது ஆட்சேபணை: "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது." எது ஒவ்வாது? குடிப்பதா, வெளிப்படையாக இருப்பதா? புறநானூற்றைத் திறந்து பாருங்கள். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டில், அவன் கள்ளையும் சோற்றையும் தங்களோடு பகிர்ந்துகொண்டதை நினைத்துத்தான் அழுகிறார். அழுகிறவர் ஒரு பெண். அரசனோடு சரிசமமாக உட்கார்ந்தவர். மறுபக்கம், திருக்குறளின் தொண்ணூற்றுமூன்றாம் அதிகாரத்தில் வள்ளுவர் கள்ளைப் பத்துக் குறளாலும் சாடுகிறார். அதில் ஒரு குறளைத் தனியாக ஒளித்துக் குடிப்பவனுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். ஊராருக்கு அவன் குட்டு தெரியும், சிரிப்பார்கள் என்கிறார். ஔவையின் தமிழும் நம்முடையது, வள்ளுவரின் தமிழும் நம்முடையது. ஏலக்காய் மட்டும் இரண்டிலும் இல்லை.

சட்டத்தின் கதையையும் பாருங்கள். 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தள்ளிவைக்கப்பட்டது, 1974-ல் திரும்ப வந்தது, 1981-ல் மறுபடி போயிற்று. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசாங்கத்தின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. சட்டம் மாறி மாறி வந்தது; நம் குரல் மட்டும் மாறவில்லை. மதுவிலக்கு இருந்தபோதும் தாழ்ந்த குரல்; சர்க்காரே கடை திறந்த பிறகும் அதே தாழ்ந்த குரல். கம்பி வலைக்குப் பின்னாலிருந்து பாட்டிலை நீட்டுகிறார்கள். வாங்குகிறவன் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு ஓடுகிறான். அந்த இடத்தில் குடும்பத்தோடு உட்கார ஒரு பெஞ்சு உண்டா? ஒரு பெண் தலைநிமிர்ந்து நிற்க முடியுமா? விற்கும்போதே ஒளித்துக் குடிக்கும்படிதான் விற்கிறோம்.

அதே 1971-ல் கொலோனில் ப்ளேக் ஃபோஸ் என்ற பாட்டுக் குழு ஒரு பாட்டை வெளியிட்டது. கையில் காசில்லாமல் கடை வாசலில் தயங்கி நிற்கும் ஒரு கிழவரை உள்ளே வந்து சேர்ந்து குடிக்கும்படி அழைப்பதுதான் அந்தப் பாட்டின் விஷயம். இன்றைக்கும் ஊரே சேர்ந்து அதைப் பாடுகிறது. வாசலில் நிற்பவனை மேஜைக்கு அழைக்கும் ஊர் அது. மேஜையில் இருப்பவனையும் சந்துக்குள் ஓட்டுவது நம் ஊர்.

அந்தச் சந்தைக் கடக்கும்போது நம் வர்க்கத்தார் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். கூலிக்காரன் குடித்தால் அவன் 'குடிகாரன்'. நாம் ஏர்கண்டிஷன் அறையில் குடித்தால் அது 'சும்மா, கம்பெனிக்காக'. அவன் தள்ளாடுவதாவது ஊரறியத் தள்ளாடுகிறான். நாம் ஏலக்காய் மென்றுகொண்டு நேராக நடக்கிறோம். இதில் யார் கனவான்?

மூன்றாவது ஆட்சேபணைதான் பலமானது. நான் முப்பது வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டதும் அதுதான். "மனைவியின் மனம் நோகக் கூடாது என்றுதான் மறைக்கிறேன்." கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! அன்பு போலவே இருக்கிறது. ஐயா, அவளுக்குத் தெரியும். உங்கள் மூக்குக்கு எட்டாதது அவள் மூக்குக்கு எட்டுகிறது. தோசை மாவு எந்த மணிக்குப் புளிக்கும் என்று வாசனையாலேயே அறிந்தவளிடம் நாம் ஏலக்காயைக் கொண்டு போய் நிறுத்துகிறோம். அவளுக்குத் தெரியும் என்பது நமக்கும் தெரியும். ஆக, மறைப்பதற்காக மறைக்கவில்லை. 'இதைப் பற்றி நீ கேட்கக் கூடாது' என்று உத்தரவு போடுவதற்காகத்தான் மறைக்கிறோம். கேள்வி கேட்கும் உரிமையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அதற்கு மென்மையான மனம் என்று பெயர் சூட்டிவிடுகிறோம். எவ்வளவு குடித்தாய், எவ்வளவு செலவழித்தாய், ஏன் நேரமாயிற்று, இந்த மூன்று கேள்வியையும் அந்த ஓர் ஏலக்காய் அடைத்துவிடுகிறது.

வெளிப்படையாகக் குடித்தால் சண்டை வருமே என்பார்கள். வரட்டும். கொலோனில் அந்த அட்டை செய்யும் வேலை அதுதான். சண்டை போடுவதற்கு ஆதாரத்தை அது மேஜையில் வைத்துவிடுகிறது. இத்தனை கோடு போதும் என்று சொல்ல எதிரில் இருக்கிறவருக்கு இடம் கொடுக்கிறது. சண்டை போட வழியில்லாத வீட்டைவிடச் சண்டை நடக்கும் வீடு மேல்.

ஒரு விஷயத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மேஜையில் வைத்துக் குடித்தால் குடி ருசிக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஊருக்குத் திரும்பி மூன்று மாதமாயிற்று. இரண்டு தடவை குடித்தேன். இரண்டு தடவையும் போவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். வந்ததும் எத்தனை என்று சொன்னேன். முதல் தடவை சண்டை வந்தது. நியாயமான சண்டை. ஒளித்துக் குடித்ததில் பாதி ருசி ஒளிப்பில்தான் இருந்தது என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. கோடு தானாகக் குறைகிறது. அந்த அட்டையை ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்தேன். என் எழுத்து மேஜையில் கிடக்கிறது. மூன்று பென்சில் கோடுகளில் ஒன்று இப்போதே மங்கிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை வீட்டில் பாயசம். வாயில் வைத்ததும் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.

குடிக்காமலிருக்க முடிந்தவர்கள் குடிக்காமலே இருங்கள். முடியாதவர்கள் சொல்லிவிட்டுக் குடியுங்கள், எண்ணிக் குடியுங்கள், எண்ணுகிறவரை எதிரில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தயவுசெய்து ஏலக்காயை விட்டுவிடுங்கள். அது பாயசத்துக்கு இருக்கட்டும்.